வாத்து போலக் கத்தும் ஓபோ: புதிதாகப் பழகுபவர்களின் நாதம் எங்கே கெடுகிறது, எப்படிச் சரிசெய்வது?

மேற்கத்திய ஆர்கெஸ்ட்ரா கச்சேரி தொடங்குவதற்கு முன்பு ஒரு சின்னச் சடங்கு உண்டு. அரங்கில் பேச்சு அடங்கியதும் நடுவரிசையில் இருந்து ஒரே ஒரு கருவி நீளமாக 'ஏ' ஸ்வரத்தை ஊதும். வயலின், செல்லோ, ட்ரம்பெட் என எல்லோரும் அதைக் கேட்டுத்தான் தங்கள் சுருதியைச் சரிசெய்துகொள்வார்கள். அந்தக் கருவிதான் ஓபோ. தெளிவாகவும் ஊடுருவியும் ஒலிக்கும் அதன் நாதம் அத்தனை கருவிகளுக்கு நடுவிலும் தனியாகக் கேட்கும்.

இதே ஓபோவுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. ரஷ்ய இசையமைப்பாளர் செர்கெய் புரோகோஃபீவ் 1936-ல் குழந்தைகளுக்காக 'பீட்டரும் ஓநாயும்' என்ற இசைக்கதையை உருவாக்கினார். கதையில் வரும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கருவி. பறவைக்குப் புல்லாங்குழல், பூனைக்குக் கிளாரினெட். ஓபோவுக்குக் கிடைத்த வேஷம், வாத்து!

புதிதாக ஓபோ பழகுபவர் இருக்கும் வீட்டில் முதல் சில மாதங்களுக்குக் கேட்பது இந்த இரண்டாவது முகம் மட்டும்தான். சிங்கப்பூர், கனடா போன்ற நாடுகளில் பள்ளி பேண்டில் சேர்ந்த பிள்ளை பெட்டியைத் திறந்ததும் வீட்டில் உள்ளவர்கள் மெதுவாகக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். 'கூடப் படிக்கிறவ புல்லாங்குழல்ல பாட்டே வாசிக்கிறா, எனக்கு ஒரு ஸ்வரம்கூட ஒழுங்கா வரல' என்று பிள்ளை நினைக்கத் தொடங்குவதும் இந்தக் கட்டத்தில்தான். பலரும் கருவியைக் கீழே வைப்பது திறமை இல்லாததால் அல்ல, இந்தச் சத்தத்தைத் தாங்க முடியாமல்தான்.

ஆனால், இந்தச் சத்தத்துக்குக் காரணங்கள் மிகச் சில. அவற்றில் பெரும்பாலானவை ஒரே தவறில் போய் முடிகின்றன. அதாவது, மூச்சு செய்ய வேண்டிய வேலையை உதட்டிடம் கொடுத்துவிடுவது.

வாத்தும் கொசுவும்

ஓபோவின் உச்சியில் செருகப்படும் 'ரீட்' என்பது இரண்டு மெல்லிய நாணல் தகடுகளை எதிரெதிராக வைத்துக் கட்டிய ஒரு சின்ன வாய். நாதஸ்வரத்தின் சீவாளியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். இரண்டும் ஒரே குடும்பம்தான். சீவாளி அகலமானது, ஓபோ ரீட் குறுகலானது, அவ்வளவுதான். ரீடின் நுனி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடிமன் வரை சீவப்பட்டிருக்கும். காற்று உள்ளே போகும்போது இந்த இரண்டு தகடுகளும் மூடி மூடித் திறக்கின்றன. ஆர்கெஸ்ட்ராவுக்கு சுருதி கொடுக்கும் அந்த 'ஏ' ஸ்வரத்தை ஊதும்போது, அவை நொடிக்கு சுமார் 440 முறை மூடித் திறக்கின்றன.

இந்தத் தகடுகளைத் தாங்கிப் பிடிப்பது உதடு மட்டுமே. உதடு தொளதொளவென்று இருந்தால் தகடுகள் கட்டுப்பாடில்லாமல் படபடக்கும். வாத்து கத்தும். அதைக் கேட்டுப் பதறிப்போகும் பிள்ளை என்ன செய்யும்? ரீடைக் கடிக்கும். கடித்தவுடன் படபடப்பு அடங்கிவிடும், ஏதோ சரியாகிவிட்டது போல இருக்கும். ஆனால், தகடுகளுக்கு இடையிலான வாய் பாதி மூடிவிட்டதால் அவை முழுமையாக அதிர முடியாது. நாதம் ஒல்லியாகும், சுருதி மேலே ஏறும். வாத்து போய் கொசு வந்துவிடும்.

கொசு சத்தம் வாத்து அளவுக்குக் காதை உறுத்தாது என்பதால், அதையே முன்னேற்றம் என்று நினைத்துக்கொள்கிற அபாயம் இருக்கிறது. கடித்து ஊதும் பழக்கம் சில மாதங்கள் ஊறிவிட்டால் அதை மாற்ற ரொம்பவே பாடுபட வேண்டியிருக்கும். அதனால்தான் முதல் ஆண்டிலேயே இதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

'ஈ' வேண்டாம், 'ஓ' போதும்

உதட்டை வைக்கும் முறைக்கு மேற்கத்திய இசையில் 'எம்பூஷர்' என்று பெயர். ஓபோவில் மேலுதடு, கீழுதடு இரண்டுமே பற்களின் மேல் லேசாக உள்ளே மடிய வேண்டும். ரீடைத் தொடுவது உதடுதான், பல் இல்லை. பல்லுக்கும் ரீடுக்கும் நடுவே உதடு ஒரு மெத்தை போல இருக்க வேண்டும்.

எளிதாகச் சொன்னால், 'ஓ' என்று சொல்லும்போது வாய் எப்படி இருக்கிறதோ அந்த வடிவம். தாடைக்குள் இடம் இருக்க வேண்டும், உதட்டின் ஓரங்கள் நடுவை நோக்கிக் குவிய வேண்டும். சுருக்குப் பையின் கயிற்றை இழுத்தால் எல்லாப் பக்கமும் சமமாகச் சுருங்குமே, அதுபோல. புதியவர்கள் பெரும்பாலும் செய்வது இதற்கு நேர் எதிர். 'ஈ' என்று சிரிப்பது போல ஓரங்களை வெளியே இழுத்துவிடுவார்கள். அப்போது மேலும் கீழும் இருந்து மட்டும் அழுத்தம் விழும், கடிப்பது தானாகவே நடக்கும்.

ரீட் எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பது அடுத்த சிக்கல். அதிகமாகப் போனால் சத்தம் முரட்டுத்தனமாகும், சுருதியும் ஏறும். ரொம்பக் குறைவாக இருந்தால் நாதம் அமுங்கி, சுருதி இறங்கும். ரீடின் நுனியைக் கீழுதட்டின் நடுவில் வைத்து, அப்படியே உதட்டோடு சேர்த்து உள்ளே மடித்தால் கிட்டத்தட்ட சரியான இடத்தில் நிற்கும். உதட்டின் தடிமன் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் இதில் அளவுகோல் வைத்துச் சொல்ல முடியாது. ஆசிரியர் முன்னால் கண்ணாடி வைத்துப் பழகுவதுதான் வழி.

கடிக்கிறோமா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. ரீடைக் கருவியில் செருகாமல் தனியாக வாயில் வைத்து, வழக்கம்போல உதட்டை மடித்து, பத்து நொடிகள் ஒரே சீராக ஊதிப் பாருங்கள். போனில் டியூனர் செயலியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முள் போகப்போக மேலே ஏறினால், உதடு களைத்துப்போய்ப் பல் உள்ளே வருகிறது என்று அர்த்தம்.

இன்னொரு விஷயம், நேரம். உதட்டைச் சுற்றியுள்ள தசைகள் புதியவர்களுக்குச் சீக்கிரம் சோர்ந்துவிடும். களைத்த உதடு கடிக்கத்தான் செய்யும். ஒரு மணி நேரம் ஒரேயடியாக ஊதுவதைவிட 15 நிமிடம் ஊதி, சற்று இளைப்பாறி, மறுபடி 15 நிமிடம் ஊதுவது நல்லது. 'கஷ்டப்பட்டாதான் வரும்' என்ற வீட்டு அறிவுரை இந்த இடத்தில் கொஞ்சமும் உதவாது.

மூச்சு முட்டுவது ஏன்?

மற்ற எல்லா ஊதுகருவிகளிலும் இருந்து ஓபோ தனித்து நிற்பது இங்கேதான். புல்லாங்குழல் ஊதுபவருக்குக் காற்று தீர்ந்துபோகும். ஓபோ ஊதுபவருக்கோ காற்று மிஞ்சிப்போகும்.

ரீடின் துளை அவ்வளவு சிறியது. அதன் வழியாகப் போகும் காற்று மிகக் குறைவு. ஆனால், அதை உள்ளே தள்ள வாய்க்குள் அதிக அழுத்தம் வேண்டும். ஆகவே, ஒரு நீண்ட சொற்றொடரை வாசித்து முடிக்கும்போது நுரையீரல் இன்னும் பாதி நிரம்பித்தான் இருக்கும். ஆனால் அதில் ஆக்சிஜன் குறைந்து, கார்பன் டை ஆக்சைடு கூடியிருக்கும். மூச்சு முட்டுவது போல இருக்கிறதே என்று பிள்ளை மேலும் காற்றை இழுக்கும். ஏற்கெனவே நிரம்பிய பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். தலை கனக்கும், சிலருக்கு லேசாகச் சுற்றும்.

தீர்வு, முதலில் வெளியே விடுவது. ஒவ்வொரு சொற்றொடரின் முடிவிலும் பழைய காற்றை 'ஹா' என்று விட்டுவிட்டு, பிறகுதான் புதுக்காற்றை எடுக்க வேண்டும். இடைவெளி குறைவாக இருந்தால் ஓரிடத்தில் வெளியே விடுவது, அடுத்த இடத்தில் உள்ளே எடுப்பது என்று பிரித்துக்கொள்ளலாம். அனுபவமுள்ள கலைஞர்கள் இசைத்தாளில் பென்சிலால் இதற்கென்றே தனித்தனிக் குறிகள் போட்டு வைத்திருப்பார்கள்.

தேர்ந்தவர்களுக்கும் இது சோதனைதான். ஜெர்மானிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ஓபோ கான்செர்ட்டோ அதற்குப் பெயர்போனது. தொடக்கத்திலேயே ஓபோவுக்கு ஏறக்குறைய ஓய்வே இல்லாத நீண்ட பகுதி வரும். இந்தப் படைப்பு பிறந்த கதையும் சுவாரசியமானது. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-ல், ஜான் டி லான்சி என்ற அமெரிக்க ராணுவ வீரர் ஸ்ட்ராஸைச் சந்தித்தார். அவர் ராணுவத்துக்கு வருவதற்கு முன்பு ஆர்கெஸ்ட்ராவில் ஓபோ வாசித்தவர். 'ஓபோவுக்கு ஒரு கான்செர்ட்டோ எழுதும் எண்ணம் உண்டா' என்று கேட்டார். ஸ்ட்ராஸ் ஒரே வார்த்தையில் இல்லை என்று சொல்லிவிட்டார். ஆனால் அதே ஆண்டிலேயே எழுதி முடித்தார்!

சரி, காற்றை எப்படித் தள்ளுவது? பாட்டு வகுப்புகளில் 'தொண்டையிலிருந்து பாடாதே, நாபியிலிருந்து பாடு' என்பார்களே, அதேதான். கையை வயிற்றில் வைத்து 'ஸ்ஸ்ஸ்' என்று பாம்பு சீறுவது போல 15 நொடிகள் ஒரே வேகத்தில் காற்றை விட்டுப் பாருங்கள். வயிறு உள்ளே உறுதியாக நிற்பதை உணர முடியும். ஊதும்போதும் அந்த உறுதி அப்படியே இருக்க வேண்டும். இந்தத் தாங்கல் இருந்தால் உதட்டுக்கு வேலை குறைந்துவிடும். அது இல்லாதபோதுதான் உதடு பல்லைக் கடித்துக்கொண்டு ஈடுகட்டப் பார்க்கிறது.

சில நேரம் குற்றவாளி ரீட்தான்

எல்லாம் சரியாகச் செய்தும் நாதம் வரவில்லையா? அப்போது பிள்ளையை விட்டுவிட்டு ரீடைப் பார்க்க வேண்டும்.

ஓபோ ரீடுக்கான நாணலின் அறிவியல் பெயர் அருண்டோ டோனாக்ஸ். தெற்கு பிரான்ஸின் வார் பகுதியில் விளைவதற்கு உலகெங்கும் மதிப்பு. நாதஸ்வரச் சீவாளியும் நாணல் வகைத் தட்டையிலிருந்துதான் செய்யப்படுகிறது. தாவரம் என்பதால் ஒரே கட்டில் வந்த இரண்டு ரீடுகள்கூட ஒன்றுபோல ஒலிக்காது. சீவாளிகளைக் கருவியிலேயே கோத்துத் தொங்கவிட்டு, ஒன்று மாற்றி ஒன்று பார்க்கும் நாதஸ்வரக் கலைஞர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

புதியவர்களுக்கு நேரும் பெரிய அநியாயம், தடித்த ரீட். கெட்டியான ரீடை அதிரவைக்க அதிக பலம் வேண்டும். பிள்ளை முதல் நாளிலேயே கடிக்கக் கற்றுக்கொள்ளும். 'மீடியம் சாஃப்ட்' வகையில் தொடங்குவதே பெரும்பாலான ஆசிரியர்களின் பரிந்துரை. இயந்திரத்தில் செய்து டப்பாவில் வரும் ரீடுகளைவிட, கையால் சீவி ஒவ்வொன்றாகச் சோதித்துத் தரப்படும் ரீடுகள் விலை கூடினாலும் பலன் தரும். இதில் மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம்.

வாசிப்பதற்கு முன் ரீடை ஒரு சின்னக் கிண்ணத் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடங்கள் ஊறவைக்க வேண்டும். உலர்ந்த ரீட் அதிராது, விரிசலும் விடலாம். ரொம்ப நேரம் ஊறினால் தகடுகள் அளவுக்கு மீறி விரிந்துகொண்டு, ஊதவே முடியாமல் போகும். அப்படி விரிந்திருந்தால் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் மிக மெதுவாக அழுத்திப் பிடித்து விடலாம்.

பிறகு ரீடைத் தனியாக, நூல் கட்டு இருக்கும் இடம்வரை வாய்க்குள் விட்டு, உதட்டை அழுத்தாமல் ஊதிப் பார்ப்பார்கள். 'கிர்ர்' என்று கரகரப்பான ஒரு ஒலி வரும். இதற்கு ஆங்கிலத்தில் காகம் என்றே பெயர், 'க்ரோ'. (வாத்து, கொசுவுக்கு அடுத்து இப்போது காகம். ஓபோ உலகம் ஒரு சின்ன உயிரியல் பூங்காதான்.) அமெரிக்க முறையில் சீவிய ரீடில் இந்தக் காகம் 'சி' ஸ்வரத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்தாயிகளில் சேர்ந்து கரைய வேண்டும் என்பது கணக்கு. ஐரோப்பிய முறை ரீடுகளுக்கு இதே கணக்கு அப்படியே பொருந்தாது. எந்த முறையானாலும், ஒலியே வராமல் காற்று மட்டும் போனால் ரீட் கெட்டியாக இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

ஒரே ரீடை தினமும் பயன்படுத்தாமல், குறைந்தது மூன்றை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஊதினால் அவை நீண்ட நாள் உழைக்கும். காற்றோட்டம் உள்ள பெட்டியில் உலரவைப்பது முக்கியம். வானிலையும் விளையாடும். நேற்று அருமையாகப் பேசிய ரீட், இன்று ஏசி அறையிலோ, ஹீட்டர் ஓடும் குளிர்கால வீட்டிலோ முரண்டு பிடிக்கும். அது பிள்ளையின் பிழை அல்ல.

ஒரே ஸ்வரம், பத்து நிமிடம்

நாதத்தை வளர்க்க உலகெங்கும் ஓபோ ஆசிரியர்கள் சொல்லும் பயிற்சி ஒன்றுதான். நீண்ட ஸ்வரம். கர்நாடக இசையில் அகார சாதகம் செய்பவர்களுக்குப் பழக்கமான விஷயம்.

இடது கை விரல்களால் மட்டுமே வாசிக்கும் 'பி', 'ஏ', 'ஜி' ஸ்வரங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாகத் தொடங்கி, நான்கு எண்ணுவதற்குள் சத்தத்தை ஏற்றி, அடுத்த நான்கில் இறக்குங்கள். பழகப் பழக எட்டு எண்ணிக்கையாக நீட்டலாம். ஏற்றும்போது பெரும்பாலும் எல்லோருக்கும் சரியாக வரும். இறக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். சத்தத்தைக் குறைக்க மூச்சையே குறைத்துவிட்டால் சுருதி இறங்கி ஸ்வரம் பாதியில் செத்துவிடும். உதட்டை நெருக்கிக் குறைத்தால் சுருதி ஏறும். வயிற்றின் தாங்கலை விடாமல், உதட்டின் எல்லாப் பக்கமும் மென்மையாகக் குவிந்து சத்தத்தைக் குறைக்கப் பழக வேண்டும். சில வாரங்களில் வந்துவிடும் சமாச்சாரம் இல்லை இது. தொழில்முறைக் கலைஞர்களே தினமும் செய்வது.

டியூனரை இதில் பயன்படுத்துவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முள்ளைப் பார்த்துக்கொண்டே ஊதினால், முள்ளை நடுவில் நிறுத்த உதட்டை முறுக்கத் தோன்றும். கண்ணை மூடி, காதுக்கு நன்றாகத் தோன்றும் இடத்தில் ஸ்வரத்தை நிறுத்திவிட்டு, பிறகு கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும்.

அடுத்த கட்டமாக, ஒரே ஸ்வரத்தைக் கீழ் ஸ்தாயியிலிருந்து மேல் ஸ்தாயிக்கு இடையில் நாக்கால் வெட்டாமல் கொண்டுபோகலாம். கடித்து மேலே ஏறுகிறவர்களை இது உடனே காட்டிக்கொடுத்துவிடும். வைப்ராட்டோ எனப்படும் அசைவை இப்போதே முயல வேண்டாம். ஆடும் நாதத்தை மறைக்கத்தான் அது பயன்படும்.

கீழ் ஸ்தாயியில் 'சி', 'பி' போன்ற ஸ்வரங்கள் மட்டும் பேசவே மறுத்தால் கருவியைச் சந்தேகிக்க வேண்டும். ஓபோவில் சின்னச் சின்னத் திருகுகள் நிறைய. ஒன்று தளர்ந்தாலும் ஒரு மூடி சரியாக அமராது, காற்று கசியும். வாடகைக்கு எடுத்த பழைய கருவிகளில் இது சகஜம். பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து வாங்கிய மறுநாளே, ஆறு மாதமாக வராத ஸ்வரம் வந்துவிடுவதும் உண்டு.

நல்ல நாதம் என்பது எது?

இதில் உலகத்துக்கே ஒருமித்த கருத்து இல்லை. பிரான்ஸில் பிறந்து, 1915 முதல் 1954 வரை ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ராவின் முதன்மை ஓபோ கலைஞராக இருந்த மார்செல் தாபுதோ, அமெரிக்காவில் அடர்த்தியான, கனமான நாதத்தை நிலைநிறுத்தினார். ஸ்ட்ராஸிடம் கேள்வி கேட்ட ஜான் டி லான்சி அவருடைய மாணவர்தான். இங்கிலாந்தில் லியோன் கூசன்ஸ் வைப்ராட்டோவோடு பாடுவது போன்ற மென்மையைக் கொண்டுவந்தார். வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோ இன்றும் வடிவமைப்பிலேயே வேறுபட்ட 'வியன்னா ஓபோ'வைத்தான் வாசிக்கிறது.

ஆக, மனதில் ஒரு நாதம் இல்லாமல் உதட்டையும் மூச்சையும் மட்டும் சரிசெய்துகொண்டிருப்பதில் அர்த்தமில்லை. 'தி மிஷன்' படத்துக்கு என்னியோ மோரிகோனே அமைத்த 'கேப்ரியல்ஸ் ஓபோ', சைகோவ்ஸ்கியின் 'ஸ்வான் லேக்' பாலேயில் ஓபோ தொடங்கிவைக்கும் அந்தப் புகழ்பெற்ற மெட்டு ஆகியவற்றை வெவ்வேறு கலைஞர்கள் வாசித்துக் கேட்கலாம். எது பிடிக்கிறது என்று பிள்ளையே சொல்லட்டும்.

ஊதுபவருக்குத் தன் நாதம் சரியாகக் கேட்காது என்பதையும் சொல்ல வேண்டும். ரீடின் அதிர்வு பல், எலும்பு வழியாகவும் காதுக்குப் போகிறது. அதனால் உள்ளே கரகரவென்று கேட்பது, ஆறடி தள்ளி இருப்பவருக்கு இனிமையாக இருக்கலாம். போனை அறையின் மறுமூலையில் வைத்து வாரம் ஒருமுறை அதே 'ஏ' ஸ்வரத்தைப் பதிவுசெய்து, தேதி போட்டு வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் ஆசிரியர்கள். போனைக் கருவிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, வைத்தால் மறுபடி வாத்துதான் பதிவாகும். கதவைச் சாத்திக்கொண்ட பெற்றோர், மூன்று மாதம் கழித்து முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் பிள்ளையோடு உட்கார்ந்து அடுத்தடுத்துக் கேட்கலாம்.